வெள்ளை வெள்ளாமை

நல்லகிணத்துப்பாளையத்தில் சாயம் தின்னும் பூசணம் முளைப்பதற்கு முன்னால், வெளிநாட்டுக்காரன் அடுத்த பருவத்துக்கு எந்த நிறத்தில் பனியன் போடப்போகிறான் என்பது அவனுக்குத் தெரிவதற்குள் அந்த ஊர் மாடுகளுக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் மேற்கே சாயப்பட்டறைகளில் என்ன நிறம் ஓடுகிறதோ அதுதான் பள்ளம் என்று அவர்கள் சொல்லும் சிற்றாற்றில் ஓடும், பள்ளத்தில் ஓடுவதுதான் கிணறுகளில் ஊறும், கிணற்றில் ஊறுவதைத்தான் தொட்டியில் ஊற்றுவார்கள், மாடுகள் திங்கட்கிழமை ஊதாவையும் வெள்ளிக்கிழமை மெரூனையும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, லாரித் தண்ணீர் வரும் வரைக்கும் கட்டுத்தறியில் நின்று கத்தும். யாரும் சண்டைக்குப் போகவில்லை. போவதென்றால் சொந்த வீட்டில்தான் தொடங்க வேண்டும். வீட்டுக்கு ஒருவராவது பட்டறையில் வேலை பார்த்தார்கள்.

பட்டறைகளுக்குக் கீழே பள்ளத்தங்கரையில் முதல் தோட்டம் தெய்வாத்தாளுடையது. அவளுக்கு மேலே முதல் பட்டறை அவள் கூடப்பிறந்த அண்ணன் சென்னியப்பனுடையது. அவள் புருஷன் இறந்தபோது பிறந்த வீட்டுக் கோடியாக வெள்ளைச் சேலை கொண்டுவந்து போட்டவனும் அவன்தான். உலகத்துக்கெல்லாம் நிறம் ஏற்றி அனுப்புகிறவன் அன்றைக்குத் தங்கைக்காக நிறமில்லாததைத் தேடி வாங்க வேண்டியிருந்தது. அதற்கப்புறம் அவளுடைய தென்னைகள் ஒவ்வொன்றாக மண்டை கருகி நின்றன. சென்னியப்பன் காரை வரப்போரம் நிறுத்திவிட்டு வந்து, இன்னொரு ஷெட் போட அந்த இடம் தனக்குத் தோதாக இருக்கும் என்று சொல்வான்.

"வித்துப்போடு அம்மிணி. காய்ஞ்ச மரத்தப் பாத்துட்டு எத்தன நாளைக்கு உக்காந்திருப்பே?"

"விக்கறனுங்கண்ணா. இந்தக் கெணத்துத் தண்ணி குடிக்கற மாதிரி ஆகட்டும், வித்துப்போடறேன்."

"ஆனப்பறம் விப்பியா?"

"மாட்டனுங்க."

சென்னியப்பன் சிரித்துக்கொண்டே போய்விடுவான். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான், கல்யாணமாகி வந்த அன்றிலிருந்து குடித்த அந்தக் கிணற்றுத் தண்ணீரைச் சாவதற்குள் மறுபடி ஒரு சொம்பு மொண்டு குடித்துவிட வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முந்தின காற்றில் பள்ளத்தோரம் நின்ற கிழட்டு வாகை மரம் சாய்ந்தது. தெய்வாத்தாள் அதைத் துண்டு துண்டாக அறுக்கச் சொல்லி, பள்ளத்திலிருந்து தோட்டத்துக்கு வரும் வாய்க்காலின் குறுக்கே உருட்டிவிட்டாள், சாயச் சேறாவது அங்கே தங்கட்டும், தண்ணீர் மட்டும் போகட்டும் என்று. சேறு தங்கவில்லை. ஆனால் மழை விட்டு வெயில் அடித்தபோது கட்டைகளின் மேல் தயிர் ஆடை போல வெள்ளையாக ஒன்று படர்ந்தது, பிறகு அப்பளம் அடுக்கினது போல ஓரம் சுருண்டு எழுந்தது, அதற்கப்புறம் ஒரு காலையில் அவள் போய்ப் பார்த்தபோது கட்டைக்கு மேல்புறம் தண்ணீர் மெரூனாக நின்றது, கீழ்ப்புறம் கண்ணாடியாகப் போய்க்கொண்டிருந்தது, இரண்டுக்கும் நடுவே சேலையில் கரை பிரிவது போல நேர்கோடு விழுந்திருந்தது.

பக்கத்துத் தோட்டத்து ராக்கியாத்தாள், அவளும் வெள்ளைச் சேலைக்காரிதான், வயதில் மூத்தவள், குனிந்து பார்த்தாள்.

"பூசணம்," என்றாள். "ஊறுகாயில வந்தா வழிச்சுப் போடறோம். எங்க வரோணுமோ அங்க இப்பத்தான் வந்திருக்குது."

அவ்வளவுதான் அதைப் பற்றிய ஆச்சரியம். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க வந்து பார்த்துவிட்டு, அவரவர் வேலைக்கு அது எப்படி உதவும் என்று பேசத் தொடங்கிவிட்டது. டீக்கடை மயில்சாமி கட்டைக்குக் கீழே டம்ளர் கழுவலாமா என்று கேட்டான். கோவில் பண்டாரம் அம்மனுக்கு அபிஷேகத் தண்ணீர் இனி இங்கேயே எடுக்கலாம் என்றார். வாய்க்காலோரம் வெள்ளை வெளேரென்று அடுக்கடுக்காக நின்றதைப் பார்த்து யாரோ, "தென்ன போச்சு, தெய்வாத்தாளுக்கு இப்பத்தான் நெசமான வெள்ளாமை," என்று சொல்ல, அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. வெள்ளாமை என்பது அந்தச் சீமையில் பயிருக்குப் பெயர். அன்றிலிருந்து, வெள்ளாமை எப்படி இருக்குது, வெள்ளாமைக்குத் தண்ணி பாஞ்சுதா என்றே எல்லாரும் விசாரித்தார்கள், கேலியாகத் தொடங்கினது வாயில் பழகப் பழகக் கேலி கழன்று வெறும் வார்த்தையாகிவிட்டது.

தெய்வாத்தாளும் அதைப் பயிராகத்தான் பார்த்தாள். பட்டறையிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் தண்ணீர் பட்டால் அது வெந்து நூலாகத் தொங்கியது, அதனால் தண்ணீரை ஆறப்போட ஒரு குழி வெட்டினாள். சோறு வடித்த கஞ்சியைப் புளிக்கவைத்து ஊற்றினால் தழைத்தது, அதனால் வீடு வீடாகப் பானையோடு போய்க் கஞ்சி கேட்டாள். முதலில் மாட்டுக்கு என்று நினைத்துக் கொடுத்தார்கள், தெரிந்தபின்னும் கொடுத்தார்கள். சாயம் பிடிக்கப் பட்டறையில் போடும் உப்பு அதிகமாக வந்த அன்று அதன் ஓரம் கருகியது, அதை மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கருகின தென்னைகளை வெட்டி, பூசணம் பிடித்த வாகைச் சிம்புகளை அவற்றின் நடுவில் செருகிப் பாத்தி பாத்தியாக அடுக்கினாள். ஒரு பாத்தி செத்தால் இரண்டு பாத்தி போட்டாள். தலைமுழுகிவிட்டுக் காலையில் போனால் பொழுதோடுதான் வீடு திரும்பினாள். சாயம் வந்த வழியில் எல்லாம் அவள் பாத்தி நின்றது.

தண்ணீரைச் சோதிக்கிற ஆபீசர்கள் ஜீப்பில் வந்தார்கள். பள்ளம் தெளிவாக ஓடுவதைப் பார்த்து அவர்களுக்குச் சந்தேகம், பட்டறைக்காரர்கள் சாயத்தை வேறு எங்கோ ஒளித்து விடுகிறார்கள் என்று. ஊர் கூடி நின்றது. சென்னியப்பன் வேட்டியை மடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"அது எங்க தங்கச்சியோட வெள்ளாமைங்க சார். நாங்கதான் அதுக்குத் தண்ணி உடறோம்."

"வெள்ளாமைன்னா?"

"பயிருங்க. எங்க ஊருப் பயிரு."

ஆபீசர்களில் பெரியவர் குனிந்து பார்த்து, பயிர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். சென்னியப்பன் திரும்பி ஊரைப் பார்த்துக் கண்ணடித்தான், ஊர் சிரித்தது. தெய்வாத்தாளும் அன்றைக்குச் சிரித்தாள்.

வெள்ளாமை நன்றாக இருந்ததுதான் வினையாகிவிட்டது. அடுத்த தீபாவளிக்குப் பட்டறை வேலைக்கு வந்திருந்த தெற்கத்தி ஆட்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊர் போனார்கள், பட்டறைகள் பூட்டிக் கிடந்தன, பள்ளத்தில் வெறும் தண்ணீர் வந்தது, பச்சைத் தண்ணீரைக் குடித்துப் பழக்கமில்லாத பூசணம் ஒரு நாள் பொறுத்தது, இன்னொரு நாள் பொறுத்தது, அப்புறம் வாய்க்காலை விட்டு வெளியே வந்தது. வெயில் நகர்கிற வேகத்தில்தான் நகர்ந்தது. வரப்பேறி, இட்டேரி வண்டித்தடத்தில் இறங்கி, வேலியில் பூத்திருந்த செங்காந்தளை வெள்ளையாக்கிக்கொண்டு, தீபாவளி காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்த ஊருக்குள் நுழைந்தது.

புதுத்துணிகளைத்தான் முதலில் தின்றது. பெண்களின் சேலையில் கொசுவத்தின் அடியில் தொடங்கி மேலே ஏறியது, பிள்ளைகளின் சட்டையைப் பட்டாசு வெடித்து முடிப்பதற்குள் முடித்துவிட்டது. பிறகு சுவர் விளம்பரங்கள், பிறகு கட்சிக் கொடிகள். கொடிக்கம்பங்களில் எல்லாம் ஒரே வெள்ளைத் துணி பறந்தது, எது யாருடையது என்று தெரியாமல் கட்சிக்காரர்கள் கம்பத்துக்கடியில் முகவரி எழுதிவைத்தார்கள், எழுதின மையும் போனதும் எல்லாக் கம்பத்துக்கும் எல்லாரும் வணக்கம் வைத்தார்கள். கோவிலில் குங்குமம் வெளுத்தது. பண்டாரம் அசரவில்லை, வலது கைத் தட்டில் இருப்பது குங்குமம், இடது கைத் தட்டில் இருப்பது திருநீறு, மாற்றிப் பூசிக்கொண்டால் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். சாம்பாரை மோர்க்குழம்பு என்று நினைத்துச் சாப்பிட்டவர்கள் காரத்தில் இருமினார்கள். மயில்சாமி ஸ்ட்ராங்கா லைட்டா என்று கேட்டு ஒரே நிறத்தில் இரண்டையும் கொடுத்தான், குடித்துப் பார்த்து மாற்றிக்கொண்டார்கள். பொங்கலுக்குக் கொம்பில் பூசின பழைய பச்சையும் போய் மாடுகள் பிறந்த கோலத்தில் நின்றன.

கஷ்டம் வேறு இடத்தில்தான் வந்தது. காரியமாகக் கிளம்புகிற ஆண்கள் எதிரே வெள்ளைச் சேலை வந்தால் செருப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டு திரும்பி, வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுவது வழக்கம். இப்போது தெருவில் வந்ததெல்லாம் வெள்ளைச் சேலை. புருஷன் இருப்பவள், இல்லாதவள், கல்யாணமாகாதவள் எல்லாரும் ஒன்றாகத் தண்ணீர்க் குழாயடியில் நின்றார்கள். தண்ணீர் குடித்துக் குடித்து வயிறு உப்பின ஒருத்தனை ராக்கியாத்தாள் நடுத்தெருவில் மறித்தாள்.

"இப்ப என்னடா பண்ணுவே? திரும்பி ஊட்டுக்குப் போவியா? போ. அங்க உன்ற பொண்டாட்டியும் வெள்ளையிலதான் நிக்கறா."

அவன் சிறிது நேரம் நின்றான், பிறகு அவளைத் தாண்டிப் போனான், போன காரியம் நடந்தது. அன்றைக்குப் பின் யாரும் திரும்பி நடப்பதில்லை. இப்படி ஊர் வெளுப்போடு கூடச் சமாளித்துக்கொண்டிருந்தது. ஆனால் பூசணம் சென்னியப்பனின் கிடங்கைக் கண்டுபிடித்துவிட்டது.

கப்பலுக்குப் போக மடித்துக் கட்டி வைத்திருந்த மெரூன் துணி அத்தனையும், பின்னல் மிஷினில் இருந்து இறக்கின அன்றைக்கு இருந்தது போல வெள்ளையாகக் கிடந்தது. ஒரு மூட்டைக்கும் இன்னொரு மூட்டைக்கும் நிறம் மயிரிழை மாறினாலே திருப்பி அனுப்புகிற வியாபாரம் அது. சென்னியப்பன் மூட்டைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தான், பிறகு வாசலில் வந்து உட்கார்ந்தான், பிறகு மண்ணெண்ணெய் கேனைத் தூக்கிக்கொண்டு தங்கை தோட்டத்துக்கு நடந்தான். அவன் பின்னால் ஊர் நடந்தது. அன்றைக்குப் பாதிப் பேர் அவன் பக்கம்தான். சாம்பார் நிறத்துக்கு ஏங்கிப் போயிருந்தார்கள்.

தெய்வாத்தாள் பாத்தி நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவளுக்குத் தெரியும், இது எரிந்தால் நாளைக்கு வாய்க்காலில் மெரூன் வரும், அதற்கு மறுநாள் கிணற்றில் ஊறும், இன்னொரு வாகை மரம் சாய்ந்து இன்னொரு மழை பெய்து இதே பூசணம் வரும் என்று காத்திருக்கத் தனக்கு ஆயுசு இல்லை.

"வெலகு அம்மிணி."

"ஊர்ல நாயம் கேட்டுட்டுப் பத்த வைங்கண்ணா."

"எதுக்கு நாயம்? பூசணத்த எரிக்கறதுக்கு ஊர்க் கூட்டம் போடோணுமா?"

"பூசணமா, வெள்ளாமையா?"

சென்னியப்பன் நின்றான். ஊரும் நின்றது. கூட்டத்தில் முடிவு சொல்கிற கொத்துக்காரர் பழனியப்பன் பின்னாலிருந்து மெதுவாக முன்னால் வந்தார். நல்லகிணத்துப்பாளையத்தில் பங்காளிச் சண்டை என்றால் வரப்பை வெட்டுவார்கள், பாதையை அடைப்பார்கள், பிள்ளைகள் காலம் வரைக்கும் கேஸ் நடத்துவார்கள், ஆனால் நிற்கிற வெள்ளாமையில் தீ வைக்க மாட்டார்கள், வைத்தவன் வீட்டு அடுப்பு அதற்கப்புறம் பற்றாது. கிழக்குத் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தது. தாத்தன் செய்ததற்குப் பேரன் இன்றைக்கும் காஸ் அடுப்பைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு ஓட்டலுக்குத்தான் போகிறான்.

"மாப்ள," என்றார் கொத்துக்காரர். "நாங்க கேலிக்குச் சொன்னோம், அத உட்டுத் தள்ளலாம். நீங்க ஜீப்புக்காரங்ககிட்ட ஊர் பாக்கச் சொல்லீட்டீங்க."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க மாமா."

"பேச்சுக்குச் சொல்லாம வேற எதுக்குங்க சொல்லுவாங்க? பயிருன்னு சொன்னீங்க. எங்க ஊருப் பயிருன்னும் சொன்னீங்க. இப்ப நீங்க தீ வெச்சா உங்க ஊட்டு அடுப்பு மட்டும் போகுமா, எங்களதும் சேந்து போகுமான்னு எனக்கே கொழப்பமா இருக்குது."

கூட்டத்தில் பாதி சென்னியப்பன் பக்கத்திலிருந்து மெல்ல நகர்ந்து கொத்துக்காரர் பக்கம் போனது.

"அப்ப என்ற டீயி?" என்றான் மயில்சாமி. "இப்பிடியே வெள்ளையாவே ஆத்திட்டிருக்கறதா?"

தெய்வாத்தாள் அதற்காகவே காத்திருந்தவள் போல அவன் பக்கம் திரும்பினாள்.

"பட்டினி போட்டா எதுவும் வேலி தாண்டத்தான் தம்பி செய்யும். வெள்ளாமைக்கு மொறத் தண்ணி உண்டா இல்லியா? கடைமடைக்காரன் தண்ணிக்கு மண்வெட்டியோட நின்ன ஊருதானே இது. என்ற வெள்ளாமைக்கு மட்டும் நோம்பி நொடின்னா தண்ணிய நிறுத்திப்போடலாமா? பட்டறையப் பூட்டறதுக்கு முன்னால சாயத் தண்ணியத் தொட்டியில புடிச்சு வைக்கட்டும், பூட்டுன நாள்ல கொஞ்சங் கொஞ்சமா உடட்டும். அது என்ற காட்ட உட்டு எங்கயும் போகாது."

"வேற?" என்றார் கொத்துக்காரர்.

"எல்லாப் பட்டறைத் தண்ணியும் என்ற பாத்தி வழியாத்தான் பள்ளத்துக்கு எறங்கோணும். சூடா வரக் கூடாது. உப்போட வரக் கூடாது. சாயம் இதுக்கு ஆகாரம், உப்பு ஆகாது, ஓரங் கருகிக் கெடக்குது பாருங்க. உப்ப அவுங்கவுங்க காட்டுல பாத்தி கட்டிக் காயவெச்சு அள்ளிக்கட்டும். நிக்கிற வெள்ளாமையில உப்புத் தண்ணி உட்டா மட்டும் அடுப்பு பத்துமாங்க?"

பட்டறைகள் வந்த காலத்திலிருந்து ஊரே உப்புத் தண்ணீரில் கருகிக்கொண்டிருந்தது, ஆனால் அந்தக் கேள்வியை இந்த வார்த்தையில் வைத்து இதுவரை யாரும் கேட்டதில்லை. தீர்ப்பு அப்படியே ஆனது. சென்னியப்பன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கேனை வரப்பில் வைத்தான்.

"நிக்கிற வரைக்குந்தானே வெள்ளாமை?"

"ஆமாங்க," என்றார் கொத்துக்காரர்.

"அறுப்பாச்சுன்னா வெறுங்காடு. வெறுங்காட்டுல தாளுக்குத் தீ வைக்கறது குத்தமில்லியே?"

"இல்லீங்க."

"அன்னைக்கு வர்றேன் அம்மிணி," என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

அவன் சொன்னபடி செய்கிறவன் என்பது அவளுக்குத் தெரியும், அவளும் அதே வயிற்றில் பிறந்தவள்தான். கிழக்கே ஒரு பாத்தியில் பூசணம் முற்றிக் கட்டை சுண்ணாம்பாக உதிரத் தொடங்கினால், மேற்கே புதுக்கட்டை உருட்டி நட்டாள். மேற்கே முற்றினால் தெற்கே நட்டாள். ஊரில் எந்த மரம் சாய்ந்தாலும் முதல் சேதி அவளுக்கு வந்தது. முற்றினது ஒருபுறம், பால் பிடித்தது ஒருபுறம், இப்போதுதான் முளைத்தது ஒருபுறம் என்று அந்தக் காடு எந்நேரமும் நின்றுகொண்டே இருந்தது, அறுப்பு என்று ஒரு நாள் அதற்கு வரவேயில்லை.

சென்னியப்பன் காலையில் பட்டறையைத் திறந்துவிட்டு நேராக வரப்புக்கு வந்துவிடுவான். "அறுப்பாச்சா?" என்பான். "இல்லீங்கண்ணா, தெக்கால இப்பத்தான் பால் புடிச்சிருக்குது," என்பாள். அவன் நம்பாமல் பாத்தி பாத்தியாகக் குனிந்து பார்ப்பான். பார்த்துப் பார்த்து எது முளை எது முற்றல் என்று அவனுக்கும் தெரிந்துபோனது. பிறகு நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டான். ஆடு வாய் வைத்தால் விரட்டினான், ஆடு தின்றது அறுப்புக் கணக்கில் சேராது என்பது அவன் கட்சி. முறைத் தண்ணீர் கிடைத்துப் பூசணம் ஊரை விட்டுக் காட்டுக்குத் திரும்பின பிறகு, வெளுத்துப்போன ஊர்த்துணிக்கெல்லாம் மறுபடி நிறம் ஏற்றியது அவன் பட்டறைதான், அந்தச் சாயமும் இந்த வழியாகத்தான் வந்தது. ஒருமுறை மேலே வேறொரு பட்டறைக்காரன் குழாயைத் திருப்பிச் சாயத்தை நேராகப் பள்ளத்தில் விட்டபோது, முதலில் பார்த்து எழுந்து ஓடினவன் சென்னியப்பன். நான் உப்பை அள்ளிக்கிட்டு மொறத் தண்ணி உடறேன், நீ பெரிய இவனா என்று அவன் போட்ட சத்தம் ஊர்க்கோவில் வரைக்கும் கேட்டது. இருந்தாலும் சாயங்காலம் கிளம்பும்போது, "அறுப்பன்னைக்குப் பாரு," என்று சொல்லாமல் போகமாட்டான்.

அப்படி வருஷங்கள் போன பிறகு ஒரு சித்திரை உச்சிப் பொழுது. காற்று இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த சென்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தான், தலை முழுக்க நரைத்திருந்தது.

"அம்மிணி, கொஞ்சம் தண்ணி கொண்டா."

தெய்வாத்தாள் கையிலிருந்த கட்டையை அப்படியே வைத்தாள். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர்ச் சொம்பை நீட்டித்தான் வாங்க என்று சொல்வது அந்த ஊர் வழக்கம், ஆனால் பட்டறை வைத்த நாளிலிருந்து அவன் தங்கை வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை, இப்பத்தான் டீ குடிச்சேன் என்பான், வண்டியில பாட்டில் இருக்குது என்பான், அவளும் ஏன் என்று கேட்டதில்லை. வீட்டில் லாரித் தண்ணீர்ப் பானை நிறைய இருந்தது. அவள் அந்தப் பக்கம் போகவில்லை. கிணற்றுமேட்டுக்குப் போய், அவன் பார்க்கவே வாளியை இறக்கினாள், அவன் பார்க்கவே இழுத்தாள், சொம்பில் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள்.

சென்னியப்பன் சொம்புக்குள் பார்த்தான். அடி தெரிந்தது, அடியில் பொறித்திருந்த அவன் தகப்பன் பேர் தெரிந்தது. அண்ணாந்து மடமடவென்று குடித்தான். குடித்து முடித்து உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

"உப்புக் கரிக்குது," என்றான்.

"கரிக்கத்தானுங்க செய்யும். அத்தன வருஷமா நீங்க உட்டதுங்கண்ணா."

அவன் காலிச் சொம்பை அவள் பக்கம் நீட்டினான்.

"இன்னொரு சொம்பு மொண்டு ஊத்து," என்றான்.